மிஸ்ஸியம்மாவும் ஒரு மச்சமும்

செமஸ்டர் முடிந்து வீட்டில் சும்மா இருக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். பொழுது போகாமல் பழைய படங்களாகப் பார்த்துத் தள்ளியதில் மறுபடியும் 'மிஸ்ஸியம்மா' பார்த்தேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடினால் ஒரு வழக்கம் உண்டு. அத்தை ஆரம்பத்திலிருந்தே எங்களோடு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார். கடைசிக் கால் மணி நேரம் வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். குக்கர் வைக்கப் போகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு என்று தெரிந்தபிறகு இந்தப் படத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாம எழுதிக்கோ" என்றார்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஒரு ஊர் ஜமீன்தார், காணாமல் போன தன் மூத்த மகள் மகாலட்சுமியின் நினைவாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு பி.ஏ. படித்த கணவனும் மனைவியும் வாத்தியார்களாக வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறார். பாலு (ஜெமினி கணேசன்), மேரி (சாவித்திரி) இருவருக்கும் வேலை இல்லை. மேரியின் வீட்டுக்குக் கடன் தொல்லை. கடன் கொடுத்தவன் அவளையே கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். வேறு வழியில்லாமல் இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் கணவன் மனைவியாக நடித்து வேலைக்குச் சேர்கிறார்கள். ஜமீன்தாரும் அவர் மனைவியும் பாசத்தைக் கொட்டுகிறார்கள். மேரி எரிந்து விழுகிறாள், பாலு சமாளிக்கிறான். ஜமீன்தாரின் இளைய மகளுக்கு (ஜமுனா) பாலு பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போக, மேரிக்குப் பொறாமை வருகிறது. பொறாமை வந்தால் அப்புறம் என்ன, காதல்தான். துப்பறியும் பைத்தியம் பிடித்த முறைப்பையன் ஒருவன் (தங்கவேலு) குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

முடிவு? மேரியின் காலில் மச்சம் இருக்கிறது. காணாமல் போன மகாலட்சுமிக்கும் காலில் மச்சம். ஆக, மேரிதான் மகாலட்சுமி. அவளை வளர்த்தவர்கள் கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான். பிறப்பால் இந்து. கெட்டி மேளம்.

இதை ஃபார்முலா என்று சொன்னால் பழைய பட ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஃபார்முலாதான். நல்ல காரணத்துக்காக ஒரு பொய், பொய்யால் ஒரே கூரை, ஒரே கூரையால் நெருக்கம், நெருக்கத்தில் ஒரு பொறாமை, குட்டு உடையும் நேரத்தில் ஆகாயத்திலிருந்து விழும் ஒரு சான்று. 1964இல் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் 'காதலிக்க நேரமில்லை'யில் மனைவி வேஷத்தை எடுத்துவிட்டுப் பணக்கார அப்பா வேஷத்தை வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றைக் கணக்கெடுத்தால் இன்னொரு செமஸ்டர் தேவைப்படும்.

சரக்கே வெளியூர்ச் சரக்கு. வங்காளத்தில் ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நாடகம் 1935இலேயே அங்கே படமாகிவிட்டது. போலித் தம்பதி வாத்தியார் வேலை அதிலிருந்து வந்தது. கூடவே சரதிந்து பந்தோபாத்யாயின் 'டிடெக்டிவ்' கதையையும் சேர்த்து ஒட்டியவர் சக்கரபாணி. பி.நாகி ரெட்டியோடு சேர்ந்து விஜயா புரொடக்‌ஷன்ஸ் நடத்தியவர். நம் 'அம்புலிமாமா'வுக்கும் இவர்கள் இருவரும்தான் மூலம். சரத்சந்திரரைத் தெலுங்குக்குக் கொண்டுவந்த கை அது. இயக்கியவர் எல்.வி.பிரசாத். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்தில் நடித்தவர். அந்தக் 'காளிதாஸ்' படத்திலேயே தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்கள் என்பது திருத்தணிக்காரனான எனக்குப் பிடித்த தகவல். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான் பேசுகிறோம்.

இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெலுங்கு 'மிஸ்ஸம்மா' வெளிவந்தது 1955 ஜனவரி 12. தமிழ் 'மிஸ்ஸியம்மா' இரண்டு நாள் கழித்துப் பொங்கலுக்கு, ஜனவரி 14. அன்றைய தேதியில் திருத்தணி தமிழ்நாட்டில் இல்லை! 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து நாங்களும் அந்தப் பக்கம் போய்விட்டோம். ம.பொ.சி., மங்கலங்கிழார், கே.விநாயகம் போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959இல் போட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. (முட்டாள்கள் தினமாச்சே என்று யாரும் நம்பாமல் இருந்திருப்பார்களோ என்று எனக்கு அடிக்கடி ஒரு சந்தேகம் வரும்.)

பாட்டி நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தாத்தா இந்த ஊர்த் தமிழர். சாதி ஒன்று, மொழி வேறு. எல்லை ஊர்களில் இது ஒரு விஷயமே இல்லை. பாட்டி சின்னப் பெண்ணாக டூரிங் டாக்கீஸில் பார்த்தது 'மிஸ்ஸம்மா', அதில் கதாநாயகன் என்.டி.ராமாராவ். தாத்தா பார்த்தது 'மிஸ்ஸியம்மா', அதில் ஜெமினி. இருவரும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும் "எங்காளுதான் நல்லா பண்ணான்" என்று சண்டை போட்டிருக்கிறார்கள். சாவித்திரி யார் கட்சி என்பதில் மட்டும் சண்டை இல்லை. அவர் இரண்டு வீட்டுக்கும் பொது.

அந்தப் பொதுவில்தான் காமர்ஸ் மாணவனுக்கு வேலை. ஒரே செட், மார்கஸ் பார்ட்லியின் ஒரே கேமரா, எஸ்.ராஜேஸ்வர ராவின் ஒரே மெட்டுகள், ஒரே சாவித்திரி, ஒரே ஜமுனா, ஒரே எஸ்.வி.ரங்காராவ். மாறுவது கதாநாயகன், துப்பறியும் பையன் (தெலுங்கில் ஏ.நாகேஸ்வர ராவ், தமிழில் தங்கவேலு), அப்புறம் சில ஆட்கள். தமிழ்ப் பாட்டுக்குத் தஞ்சை ராமையாதாஸ். நிலையான செலவை இரண்டு பண்டங்களின் மேல் பங்கிடு என்று எங்கள் பாடப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதைக் கோடம்பாக்கத்தில் 1955இல் செய்து காட்டிவிட்டார்கள். 1957இல் அதே பிரசாத், ஏவி.எம்.முக்காக இந்தியில் 'மிஸ் மேரி' என்று மூன்றாவது முறையும் எடுத்தார். மீனா குமாரி, ஜெமினி, துப்பறியும் வேஷத்தில் கிஷோர் குமார். ஃபார்முலா என்றால் கேவலம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடும் என்று தெரிந்த கதை இருந்ததால்தான் நல்ல ஒளிப்பதிவாளருக்கும் நல்ல நடிகர்களுக்கும் தைரியமாகப் பணம் போட முடிந்தது.

படத்தின் பெரிய பலம், சிரிப்பு கதைக்கு வெளியே இருந்து வரவில்லை என்பது. அந்தக் காலத்துப் பல படங்களில் காமெடி தனி டிராக்காக ஓடும். கதாநாயகி அழுது முடித்ததும் காமெடியன் வந்து ஐந்து நிமிடம் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். இங்கே அந்தப் பாகுபாடு இல்லை. மேரி கோபமாக இருக்கும்போதே நமக்குச் சிரிப்பு வருகிறது. காரணம் அவள் உண்மையிலேயே கோபமாக இருக்கிறாள். சாவித்திரி அந்தக் கோபத்தைக் குறைத்து நடிக்கவில்லை. முதலில் மேரியாக நடிக்கவிருந்தவர் பானுமதி. சில காட்சிகள் எடுத்தபிறகு அவர் விலக நேர்ந்ததால், இளைய மகள் வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரி மேரி ஆனார். ஜமுனா உள்ளே வந்தார். தெரியாத ஒருவர் இதைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஜெமினியும் சாவித்திரியும் நிஜத்தில் 1952இலேயே ஊருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை. திரையில் கல்யாணம் ஆகாதவர்கள் ஆனதாக நடித்தார்கள். வெளியே ஆனவர்கள் ஆகாததாக நடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பலம், ஜமீன் வீட்டில் வில்லன் இல்லை. ஜமீன்தார் என்றாலே சாட்டையோடு வரும் காலத்தில் ரங்காராவ் ஒரு நல்ல மனிதர். அதனால் பொய் சொல்கிறவர்கள் மேல் நமக்கு ஒரு சங்கடம் வருகிறது. இவ்வளவு நல்லவரையா ஏமாற்றுகிறோம் என்று. இந்தச் சங்கடம் இல்லாமல் எத்தனை படங்களில் கதாநாயகன் மாமனாரை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறான்! வேலை தேடும் பட்டதாரிகளின் அவஸ்தையும் அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷம் டிகிரி முடிக்கப் போகிற நாங்கள் யாரும் அந்த முதல் காட்சிகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பலவீனங்களில் சில்லறையானவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். துப்பறியும் காமெடி இரண்டாம் பாதியில் இழுவை. கடன்காரன் வரும் காட்சிகள் தேவைக்கு மேல். பொறாமை வந்தால்தான் பெண்ணுக்குக் காதல் புரியும் என்ற சூத்திரம் அன்றைக்கே பழசு.

மச்சத்துக்கு வருகிறேன்.

படம் பாதி ஓடும் சிரிப்பே மேரி கிறிஸ்தவள் என்பதில்தான் இருக்கிறது. பொட்டு, பூஜை, வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் அவள் விழிப்பதுதான் நகைச்சுவை. இதற்கு நடுவில் அவள் தனியாக மேரி மாதாவை நினைத்து ஒரு பாட்டும் பாடுகிறாள், பி.லீலாவின் குரலில். அந்தப் பாட்டில் கேலி கிடையாது. இவளுக்கு நம்பிக்கை உண்மை என்று படமே நம்மிடம் சொல்லிவிடுகிறது. அதனால் பார்க்கிறவனுக்கு நியாயமாக ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பெண்ணும் அந்தப் பையனும் இப்படியே, இவள் மேரியாகவும் அவன் பாலுவாகவும், கல்யாணம் செய்துகொள்ள முடியுமா?

படம் இதற்குப் பதில் சொல்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் மச்சம் வந்துவிடுகிறது. வியாபார பாஷையில் சொன்னால், மத வித்தியாசத்தை முதலாகப் போட்டு இரண்டு மணி நேரம் லாபம் எடுத்தார்கள். கணக்கு முடிக்கும் நாளில், அப்படி ஒரு கணக்கே எங்கள் பேரேட்டில் இல்லையே என்று கையை விரித்துவிட்டார்கள். பாலு எதையும் விட வேண்டியதில்லை. மேரி தன் பெயரை, மாதாவை, வளர்த்தவர்களை விட்டு மகாலட்சுமி ஆக வேண்டும். அதுவும் அவள் முடிவாக இல்லை. கால் மச்சத்தின் முடிவாக.

"1955இல் வேறென்ன எதிர்பார்க்கிறாய், ஒரு காமெடிப் படத்தில் போய்?" என்று வகுப்பு நண்பன் கேட்டான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் தேதிகளைப் பார்த்தேன். சிறப்புத் திருமணச் சட்டம் நாடாளுமன்றத்தில் 1954இல் நிறைவேறி, நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரி 1. படம் வருவதற்குப் பதினொரு நாள் முன்பு! அதற்கு முன்னால் இருந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் மதம் மாறிப் பதிவுத் திருமணம் செய்ய வேண்டுமென்றால், நான் இந்துவும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை என்றெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டும். (1923இல் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவர் தங்களுக்குள் மணப்பதற்கு மட்டும் இதைத் தளர்த்தினார்கள்.) தேவாலயத்தில் கட்டிக்கொள்ள வேறு ஒரு சட்டம் இருந்தது, அது வேறு கதை. புதிய சட்டம் வந்தபிறகு இந்துப் பையன் இந்துவாகவே, கிறிஸ்தவப் பெண் கிறிஸ்தவளாகவே இருந்துகொண்டு கையெழுத்துப் போடலாம். பாலுவுக்கும் மேரிக்கும் அந்தப் பொங்கலன்று வழி திறந்துதான் இருந்தது. கதையை அதற்கு முன்பே எழுதிப் படம் பிடித்துவிட்டார்கள் என்பது நியாயமான பதில். நாடு முழுக்க அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எடுத்தார்கள் என்பதும் நியாயமான எதிர்ப் பதில்.

எனக்கு உறுத்துவது இதுதான். தமிழா தெலுங்கா என்ற சிக்கலுக்கு இவர்கள் ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்தார்கள். ஆளை மாற்றி, வசனத்தை மாற்றி, உதட்டசைவு வரை பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். எங்கள் ஊர் மாதிரி இரண்டுங்கெட்டான் ஊரில் இருப்பவனையும் மதித்த உழைப்பு அது. மதம் என்று வந்தபோது ஒரு முறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது அத்தை. அவர் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். கூட வேலை பார்த்த கணக்கு சார் கிறிஸ்தவர். ஆமாம், ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியார்கள். படம் மாதிரியே இருக்கிறதே என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சட்டப்படி நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். முப்பது நாள் காத்திருக்க வேண்டும், யாராவது ஆட்சேபணை சொல்கிறார்களா என்று. ஆட்சேபணை சொல்ல யாரும் வரவில்லை. பத்திரம் பதிய வந்த தெரிந்தவர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது நாளில் பன்னிரண்டாம் நாள். அதற்குமேல் எழுத வேண்டாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார். பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

தெலுங்குப் பெண்ணைத் தாத்தா கட்டிக்கொண்டபோது யாரும் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை. அதே தாத்தாதான் அன்றைக்கு மனுவைத் திரும்ப வாங்க வைத்தார். தாத்தாவைக் கெட்டவராக எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. தோளில் உட்கார வைத்து 365 படியும் ஏறி மலைக்குக் கூட்டிப்போனவர் அவர்.

போன வருஷம் ஒருநாள் அத்தை வழக்கம்போல அடுப்படிக்கு எழுந்தபோது, ஏன் அத்தை கடைசியில மட்டும் பார்க்கிறதில்லை என்று கேட்டுவிட்டேன். "மச்சம் இல்லாதவங்க என்னடா பண்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதம் வடிக்கிற கையோடு சொன்னார்.

அதற்குப் பிறகு நம் படங்கள் இந்தக் கேள்வியைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். 1981இல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார். பையன் பூணூலை, பெண் சிலுவையைக் கழற்றி எறிகிறார்கள். கைதட்டல் வாங்கிய முடிவு. ஆனால் அது காமெடிப் படம் இல்லை. அழுகையும் ஆவேசமும் இருந்தால்தான் அந்த இடத்துக்குப் போக முடிந்தது. தவிர, அங்கேயும் இருவரும் கையில் இருப்பதை விட்டால்தான் கல்யாணம். இருப்பதை வைத்துக்கொண்டே சேரலாம் என்று 1954இன் சட்டம் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு ஜாலியான தமிழ்ப் படத்துக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், உடனே பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு ஆச்சரியம். 2010 பிப்ரவரி 26இல் கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', தெலுங்கில் 'ஏ மாய சேசாவே' என்று ஒரே நாளில் வெளியிட்டார். பையன் இந்து. பெண் கிறிஸ்தவள், பெயர் ஜெஸ்ஸி. மொழிக்கு மொழி ஆள் வேறு, மிஸ்ஸியம்மா காலத்து ஏற்பாடுதான். தெலுங்குக் கதாநாயகன் நாக சைதன்யா, அன்றைக்குத் தெலுங்கில் மச்சத்தைத் தேடி அலைந்த நாகேஸ்வர ராவின் பேரன்! இந்த முறை மச்சம் கிடையாது, ஜெஸ்ஸி கடைசிவரை ஜெஸ்ஸிதான். ஆனால் முடிவு இரண்டு. தெலுங்கில் சேர்கிறார்கள். தமிழில் அவள் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் காதல் ஜெயித்திருக்கிறது, திரும்பி வந்தால் தோற்றிருக்கிறது.

இந்த விடுமுறையில் இரண்டையும் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்தடுத்த நாள், தெலுங்கு முதலில். இரண்டு நாளும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. எது பிடித்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பாட்டு ரெண்டுலயும் ஒண்ணுதானே" என்றார். அப்புறம், "அந்தத் தமிழ்ப் பொண்ணு கடைசியில ஒரு பார்வை பாக்குது பாரு, அதை மறுபடி போடு" என்றார். போட்டேன்.